பச்சைன்னா பட்டிக்காடு, டாட்டூன்னா கலையா?

முதல்லயே ஒரு டிஸ்கி. டாட்டூ குத்திக்கலாமா வேணாமான்னு அட்வைஸ் பண்ற பதிவு இல்லை இது. குத்தியாச்சு. இடது கையில, முழங்கைக்குக் கீழே உள்பக்கமா, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புள்ளிக்கோலம். ஜெர்மனியில ஒரு டாட்டூ கன்வென்ஷன்ல, ஒரு ஜெர்மன்காரம்மா கையால. அதுக்கப்புறம் வீட்டிலயும் நண்பர்கள் கிட்டயும் கேட்ட பேச்சுல ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. அதை இறக்கி வைக்கத்தான் இது. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.

போட்டோ பார்த்துட்டு அம்மா ஃபோன்ல சொன்னது: "ஏண்டா, லோன் போட்டு ஜெர்மனிக்குப் படிக்க அனுப்புனா, அப்பத்தா மாதிரி கையில பச்சை குத்திக்கிட்டு வந்து நிப்பியா? ஊர்ல என்னடா பேசுவாங்க?"

அதே போட்டோவைப் பார்த்துட்டு, கூடப் படிச்ச நண்பன் அனுப்பின மெசேஜ்: "மச்சி, செம டாட்டூ! ஆர்ட்டிஸ்ட் யாரு? எவ்வளவு ஆச்சு?"

ஒரே கை, ஒரே கோலம். அம்மாவுக்கு அது பச்சை, நண்பனுக்கு டாட்டூ. பச்சைன்னா அப்பத்தா, பட்டிக்காடு, ஊர்ப்பேச்சு. டாட்டூன்னா ஆர்ட்டிஸ்ட், ரேட்டு, செம. இதுல இன்னொண்ணையும் கவனிங்க. நண்பன் குத்தினவங்க பேரைக் கேட்டான். எங்க அப்பத்தா கையில குத்தினது யாருன்னு எங்க குடும்பத்துல எழுபது வருஷமா ஒருத்தரும் கேட்டதில்லை. என் விவகாரமே இதுதான்.

சரி, கன்வென்ஷன் கதைக்கு வருவோம். பார்க்காதவங்க நம்ம சென்னைப் புத்தகக் கண்காட்சி மாதிரி நினைச்சுக்கங்க. டிக்கெட் வாங்கி உள்ளே போனா பெரிய மண்டபம், வரிசை வரிசையா ஸ்டால். புத்தகத்துக்குப் பதிலா ஸ்டாலுக்கு ஒருத்தர் படுத்திருப்பார், இன்னொருத்தர் குனிஞ்சு குத்திக்கிட்டிருப்பார். அத்தனை மெஷினும் ஒரே நேரத்துல ஓடுற சத்தம் இருக்கே... பல் டாக்டரையும் விசைத்தறியையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டின மாதிரி! பெர்லின்ல இது 1991லயே ஆரம்பிச்சாச்சு, சுவர் விழுந்து ரெண்டே வருஷத்துல. இப்போ இங்க பல ஊர்கள்ல நடக்குது. நான் போனது செமஸ்டர் டிக்கெட்ல ரயிலேறி ஒண்ணரை மணி நேரத்துல போற ஊரு.

ஸ்டால் மேசையில ஒரு ஃபைல் இருக்கும். இதுவரைக்கும் குத்தின டாட்டூ போட்டோ எல்லாம் அதுல. பக்கத்துல 'வான்னாடு'ன்னு ஒரு தாள். அதாவது 'இதை யாராவது குத்திக்க மாட்டீங்களா'ன்னு ஆர்ட்டிஸ்டே ஆசையா வரைஞ்சு வச்ச டிசைன்கள். பிடிச்சா பேசி, நேரம் வாங்கி, அன்னிக்கே உட்காரலாம். சாயங்காலம் போட்டி நடக்கும். அன்னிக்குக் குத்திக்கிட்டவங்க மேடையேறி கையையும் முதுகையும் காட்டுவாங்க. நல்லதுக்குப் பரிசு. பரிசு வாங்கறது குத்தினவங்க. கை கொடுத்தவருக்கு வெறும் கைத்தட்டல்தான் :-)

கன்வென்ஷன்ல குத்திக்கிறது நல்லதா கெட்டதான்னு இங்கயே ரெண்டு கட்சி. நல்லதுன்னு சொல்றவங்க காரணம்: பத்து பேர் வேலை செய்யறதை நின்னு பார்த்துட்டு அப்புறமா ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கலாம். கடைக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யறதில்லை. புது ஊசியைப் பிரிக்கறதையும், கையுறையை மாத்தறதையும் ஊரே பார்த்துக்கிட்டிருக்கு. ஆகாதுன்னு சொல்றவங்களுக்கும் நியாயம் இருக்கு: அவசரம், கூட்டம், சத்தம், அந்த நேரத்து வேகத்துல முடிவு பண்ணிடறது. குத்தினவர் வேற நாட்டுக்காரரா இருந்தா, ஒரு கோடு மங்கிப்போனா சரி பண்ண எங்கே போறது? என் கருத்து என்னன்னா, என்ன குத்தணும்னு வீட்டிலேயே முடிவு பண்ணிட்டுப் போறவங்களுக்குக் கன்வென்ஷன் நல்ல இடம். அங்க போய்ப் பார்த்துக்கலாம்னு போறவங்களுக்கு அது தீபாவளி நேரத்து தி.நகர். எதையாவது வாங்கிட்டுத்தான் வெளியே வருவீங்க.

நான் முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். அப்பத்தா கையை ஊருக்குப் போனப்ப போட்டோ எடுத்து வச்சிருந்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பச்சை. மேலே ஒரு சிக்குக்கோலம், கீழே ஒரு தேள், அதுக்கும் கீழே கோணல் எழுத்துல ஒரு பேரு (தாத்தா பேரு இல்லை, அவங்க அண்ணன் பேரு. அது தனிக்கதை). நான் கேட்டது அந்தக் கோலம் மட்டும்.

ஸ்டால்ல இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். புள்ளி வேலையில கெட்டிக்காரங்க. போட்டோவை ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "இது யாரோட வேலை?"

எங்க அப்பத்தா கைன்னு சொன்னேன். "அது தெரியுது. குத்தினது யாரு? இன்னொருத்தர் டிசைனை அப்படியே காப்பி அடிக்கறது எங்க தொழில்ல மரியாதை இல்லை. அதான் கேட்டேன்."

பேர் தெரியாது, ஊர் ஊரா வந்து குத்திட்டுப் போறவங்கன்னு சொன்னேன். கோலம் எல்லார் வீட்டு வாசல்லயும் போடறதுதான்னும் சொன்னேன். அந்தம்மா தலையாட்டிட்டு, புள்ளிகளை வேற அளவுல வச்சு, என்னையே கோடு இழுக்கச் சொல்லி, புதுசா வரைஞ்சாங்க. ஊதா மைத்தாள்ல பிரதி எடுத்து, தோல்மேல ஒட்டி உரிச்சு, ஒண்ணேகால் மணி நேரம் குத்தினாங்க. வலியைப் பத்தி வசனம் எல்லாம் பேசப் போறதில்லை. கம்பளிப்பூச்சி மேல ஊர்ந்துட்டு அதே இடத்துல திரும்ப ஊர்ந்தா எப்படியிருக்கும், அதான். ஹிவி வேலையில சேர்த்த 160 யூரோ போச்சு.

அந்தக் கேள்வி மட்டும் அப்படியே நின்னுடுச்சு. வீட்டுக்கு ஃபோன் போட்டு அப்பத்தாகிட்டயே கேட்டேன். காது கொஞ்சம் மந்தம், கத்தித்தான் கேட்கணும். "பேரா? சந்தைக்கு வர்ற குறத்திதான்யா. அவ பேரு யாருக்குத் தெரியும்? ஒரு படி கம்பும் ஒரு பழைய சேலையும் குடுத்தாக. எட்டு வயசு எனக்கு. அத்தை புடிச்சு அமுக்கிக்கிட்டாக." அப்புறம் எனக்கு ஒரு கேள்வி: "ஏய்யா, அங்கயும் குறத்தி வர்றாளா?"

வர்றாங்க அப்பத்தா, கார்ல வர்றாங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க. எனக்கு முழுசா சிரிக்க வரலை.

ஏன்னா ஹாம்பர்க்ல நடந்ததைப் படிச்சிருந்தேன். கிறிஸ்டியான் வார்லிஷ்னு ஒருத்தர். 1891ல பிறந்து 1964ல இறந்தவர். ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டின சாங்க்ட் பவுலியில சின்ன மதுக்கடை வச்சிருந்தார். அதே கடையில ஒரு மூலையில டாட்டூ. வாடிக்கைக்காரங்க யாரு? மாலுமி, துறைமுகக் கூலி, ஊர்சுத்தி. மரியாதைப்பட்ட குடும்பத்துக்காரங்க ஒதுங்கிப் போன தெரு அது. வாடிக்கைக்காரங்க பார்த்துத் தேர்ந்தெடுக்க அவர் கையால வரைஞ்ச டிசைன் ஆல்பம் இருந்தது. அந்த ஆல்பம் இன்னிக்கு ஹாம்பர்க் நகர வரலாற்று அருங்காட்சியகத்துச் சொத்து. 2019ல அதைப் புத்தகமாவே அச்சடிச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல அவர் பேர்ல தனிக் கண்காட்சியும் வச்சாங்க. மதுக்கடை மூலையில குத்தினவர், ஆனா பேரு இருக்கு, பிறந்த வருஷம் இருக்கு, வரைஞ்ச தாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு.

நம்ம பக்கம் என்ன இருக்கு? எழுதாம எல்லாம் விடலை. சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885லிருந்து 1908 வரைக்கும் தலைவரா இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1909ல ஏழு தொகுதியா 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' போட்டாரே, அவர்தான். அதுல குறவர் பத்தின பகுதியில, பெண்கள் பச்சை குத்திப் பிழைக்கிறதைப் பத்தி எழுதியிருக்கார். 1937ல ஜான் லேயர்டுன்னு ஒரு ஆங்கிலேய மானுடவியல்காரர், லண்டன்ல வந்த நாட்டார் வழக்காற்று இதழ்ல, தென்னிந்திய வாசல் கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் சேர்த்துவச்சு நீளமான கட்டுரை எழுதினார். அதாவது நம்ம பாட்டிமார் கையிலிருந்த கோலம் லண்டன் வரைக்கும் போயிருக்கு. ஆனா தர்ஸ்டன் எப்பேர்ப்பட்டவர்? மூக்கை அளந்து சாதியை வகைப்படுத்தினவர். அவருக்கு அந்தப் பெண்கள் ஒரு குலத்தோட மாதிரி, அவ்வளவுதான். வார்லிஷ் கலைஞரா பதிவாகியிருக்கார். நம்மவங்க வகையா பதிவாகியிருக்காங்க. இந்த வித்தியாசம்தான் எனக்கு உறுத்துது.

வகையா மட்டும் இருந்தாலாவது பரவாயில்லை. 1871ல வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911ல திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்தாங்க. குறவர் சமூகத்துப் பிரிவுகளையும் அந்தப் பட்டியல்ல சேர்த்தாங்க. ஊர் ஊரா நடந்து பிழைக்கிறவங்க ஊர் விட்டு ஊர் போறதே குத்தம்னு ஆச்சு. சுதந்திரம் வந்து, 1952லதான் அந்தச் சட்டம் நாடு முழுக்கப் போச்சு. எங்க அப்பத்தா கையைப் புடிச்சுக் கோலம் போட்ட பொண்ணு, ஒருவேளை போலீஸ் பதிவேட்டுல கைரேகை வச்சுட்டு வந்த வீட்டுப் பொண்ணா இருந்திருக்கலாம். ஊருக்கே அழகு குத்திவிட்டவங்க, ஊர்ல தங்க முடியாதவங்க.

"அதெல்லாம் சரிப்பா, வெள்ளைக்காரன் கலையை மதிக்கிறவன், நம்மாளுக்கு அது தெரியாது"ன்னு யாராவது ஆரம்பிப்பீங்க. அதுவும் முழு உண்மை இல்லைங்க. டாட்டூங்கற வார்த்தையே பசிபிக் தீவுக்காரங்களோடது. 1769ல கேப்டன் குக் கப்பல் தாஹிதிக்குப் போய் வந்த பிறகுதான் அது ஐரோப்பாவுக்குப் பரவலா வந்தது. சமோவாத் தீவுக்காரங்க இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் குத்திக்குவாங்க. அவங்களை 1890கள்ல ஜெர்மனிக்குக் கூட்டிட்டு வந்து ஊர் ஊரா டிக்கெட் போட்டுக் காட்டினாங்க. அந்த வேலையில இருந்த கார்ல் மார்குவார்ட்டே 1899ல சமோவா டாட்டூவைப் பத்தி பெர்லின்ல புத்தகமும் போட்டார். அதே காலத்துல ஹாம்பர்க் ஹாகன்பெக், இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து மிருகங்களோட சேர்த்துக் காட்சி வச்சார். மண்டபம் வாடகைக்கு எடுத்து உடம்பைக் காட்டறது இந்த நாட்டுக்குப் புதுசில்லை. அன்னிக்கு மேடையில நின்னவங்களுக்குப் பேரு இல்லை, இன்னிக்கு இருக்கு. மாறினது அதுதான்.

இங்கயும் ரொம்ப காலம் டாட்டூன்னா ஜெயில், கப்பல், குடிதான். இப்பவும் சங்கடம் முழுசாப் போயிடலை. பவேரியாவுல ஒரு போலீஸ்காரர் முன்கையில 'அலோஹா'ன்னு குத்திக்க அனுமதி கேட்டு வழக்கு போட்டார். 2020 மே மாசம் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் முடியாதுன்னுடுச்சு. சீருடை போட்டா வெளியே தெரியற இடத்துல கூடாதாம். எங்கப்பாகிட்ட இந்தத் தீர்ப்பைச் சொல்லி, ஐ.டி. கம்பெனியில இந்தச் சிக்கல் இல்லைன்னு சமாதானம் பண்ணினேன். "அப்ப போலீஸ் வேலைக்கு முயற்சி பண்ணாத"ன்னு மட்டும் சொன்னார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

பச்சை குத்தறதை நான் ரொம்ப ரொமான்டிக்கா சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. இதுல இருட்டுப் பக்கம் பெருசு. எட்டு வயசுப் பிள்ளையை அத்தை அமுக்கிப் பிடிச்சது எனக்கு அழகாத் தெரியலை. 'செத்தா கூட வர்ற நகை இது ஒண்ணுதான்'னு சொல்லிச் சொல்லியே குத்திவிட்டிருக்காங்க. அந்த நகை வேணுமான்னு அவங்களைக் கேட்கலை. வெள்ளைக்காரன் ஆட்சியில ஆயுள் கைதிகளோட நெத்தியில குற்றத்தைப் பச்சை குத்தற 'கோத்னா'ன்னு ஒரு தண்டனையே இருந்தது. வங்காளத்துல 18-ம் நூற்றாண்டுக் கடைசியில வந்து, சென்னை மாகாணத்துக்கும் பரவி, 1849லதான் நின்னது. நான் இப்போ இருக்கற நாடு செஞ்சதை எல்லாருக்கும் தெரியும். ஆஷ்விட்ஸ்ல 4 லட்சத்துக்கும் மேல ஆட்களுக்கு எண் ஒதுக்கினாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த எண்ணைக் கையில பச்சையாவே குத்தினாங்க. பேரைப் பிடுங்கிட்டு எண்ணைக் குத்தறதுக்கும் அதே ஊசிதான்.

நம்ம அரசியல்லயும் உண்டு. எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரங்க கையில கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கணும்னு சொன்னார். அதுக்கு அந்தக் கட்சிக்குள்ளயே எதிர்ப்பும் வந்தது. 2016 பிப்ரவரியில ஜெயலலிதாவோட 68-வது பிறந்தநாளை ஒட்டிச் சென்னையில கூட்டமா உட்கார வச்சு அவர் படத்தைக் குத்தினாங்க. ஒரு சின்னப் பொண்ணு வலியில அழற வீடியோ வெளியே வந்து கண்டனம் கிளம்பினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

இந்த இடத்துல ஜெர்மன் சட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு. தண்டனைச் சட்டம் 223-வது பிரிவுப்படி டாட்டூ குத்தறது உடல் காயம் விளைவிக்கிறதுதான். குத்திக்கறவர் மனசார ஒத்துக்கிட்டாருன்னா, 228-வது பிரிவு அதைக் குத்தமில்லாம ஆக்குது. அதனாலதான் ஸ்டால்ல உட்கார்றதுக்கு முன்னாடியே தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கறாங்க: வயசு 18 ஆச்சா, குடிச்சிருக்கீங்களா, அலர்ஜி உண்டா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா... ஊசியோட தப்பு சரியெல்லாம் அந்த ஒரு கையெழுத்துல இருக்கு. எங்க அப்பத்தாவுக்கு அந்தத் தாள் கிடைக்கலை. அதுக்கு அந்தக் குறத்தியம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். கூலி கொடுத்துக் குத்தச் சொன்னது எங்க குடும்பம்.

அடுத்த ஆட்சேபம் எப்பவும் சுத்தம். "ஒரே ஊசியில ஊருக்கே குத்தினவங்கப்பா, மஞ்சள் காமாலை வராதா?" வரும். ரத்தத்துல பரவற நோய் எல்லாத்துக்கும் அது வழிதான். அதுல சமரசம் இல்லை. ஆனா வார்லிஷ் காலத்து மதுக்கடை மூலையும் ஆபரேஷன் தியேட்டர் இல்லைங்களே. ஒரு ஊசி ஒரு ஆளுக்குங்கறது எய்ட்ஸ் பயம் வந்த 1980களுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க இறுகினது. அந்த மாற்றம் வந்தப்ப ஐரோப்பாவுல டாட்டூக்காரங்க கையில மெஷினும் கடையும் இருந்தது, கத்துக்கிட்டு மேலே வந்தாங்க. நம்ம பச்சைக்காரம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் போகலை. வேணாம், வராதேன்னுதான் சொன்னோம். அப்புறம் அதே ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஏ.சி. போட்டு, ஆங்கிலத்துல போர்டு வச்சு, டாட்டூ ஸ்டுடியோ திறந்தோம்.

மையைப் பத்தி ஒரு வேடிக்கை. (மெட்டீரியல் சயின்ஸ் படிக்கிறவன், மன்னிச்சுக்கங்க.) நம்ம பச்சைக்கு எங்க பக்கம் சொல்ற பக்குவம், மஞ்சளும் அகத்திக்கீரையும் துணியில சுருட்டித் திரியாக்கி எரிச்சு, அந்தக் கரியைத் தண்ணியிலயோ தாய்ப்பால்லயோ குழைக்கிறது. ஊருக்கு ஊர் மாறும். ஆனா கடைசியில அது கரிதான், கறுப்பு. அது தோலோட உள்ளடுக்குல போய் உட்கார்ந்ததும், மேலே இருக்கற தோல் ஒளியைச் சிதறடிக்கிறதால நம்ம கண்ணுக்கு நீலம் கலந்த பச்சையாத் தெரியுது. கறுப்பைக் குத்திட்டு பச்சைன்னு பேர் வச்சிருக்கோம், கண் பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கோம். இங்க ஐரோப்பிய ஒன்றியத்துல 2022 ஜனவரி 4லிருந்து 4,000க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்கு டாட்டூ மையில கட்டுப்பாடு. 2023 ஜனவரி 4லிருந்து 'நீலம் 15:3', 'பச்சை 7'ன்னு ரெண்டு நிறமிகளுக்கும் தடை. அதாவது ஜெர்மனியில அந்தப் பச்சையைக் குத்தினா சட்டவிரோதம், நம்ம பச்சையை (கரியை) விதிமுறைப்படி தயாரிச்சுக் குத்தினா பிரச்சினை இல்லை! 2017ல பெர்லின்ல இருக்கற இடர் மதிப்பீட்டு நிறுவனத்து ஆட்கள் சேர்ந்து செஞ்ச ஆய்வுல, நிறமியோட மிக நுண்ணிய துகள்கள் நிணநீர்க் கணு வரைக்கும் போறதைக் காட்டினாங்க. அதனால எந்த மையும் முழுசாப் பாதுகாப்புன்னு நான் சொல்ல வரலை. குத்திக்கறவங்க மை பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுப் பாருங்க. இங்க கேட்டா காட்டறாங்க.

சரி, என்னதான் சொல்ல வர்றேன்?

டாட்டூ குத்திக்கிற நம்ம பசங்களுக்குப் பச்சையைக் கேவலமா நினைக்க உரிமை இல்லை. பச்சை குத்தின பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நம்ம அம்மா அப்பாக்கள், அதைப் பட்டிக்காட்டு அடையாளம்னு மறைச்சது ஏன்னும் யோசிக்கணும். ஊசி ஒண்ணுதான், தோல் ஒண்ணுதான், கோலமும் ஒண்ணுதான். ஊசியைப் பிடிச்ச கை யாருதுங்கறதை வச்சுத்தான் நாம மரியாதையை அளந்திருக்கோம். சந்தைத் திண்ணையில உட்கார்ந்தவங்க கைன்னா ஒரு படி கம்பு, பழைய சேலை. மண்டபத்துல ஸ்டால் போட்டவங்க கைன்னா 160 யூரோ, பேரு, பரிசு. இதுக்குக் கலை ரசனைன்னு பேர் வச்சா எப்படி? நம்மூர்ல இதுக்கு வேற பேரு இருக்கு, உங்களுக்கே தெரியும்.

பழைய பச்சை திரும்ப வரணும்னு நான் சொல்லலை. அந்தப் பெண்களோட பேத்திகள் படிச்சு வேற வேலைக்குப் போயிருந்தா ரொம்ப சந்தோஷம். ஊர் ஊரா நடக்கற பிழைப்பை யாரும் கலைன்னு சொல்லித் தலையில கட்ட வேண்டாம். ஆனா அவங்க போட்டது ஒரு வேலை, அதுக்குக் கைத்திறம் இருந்தது, அதைச் செஞ்சவங்களுக்குப் பேரு இருந்ததுன்னாவது எழுதி வைக்கலாம் இல்லையா? இந்தியப் பச்சையைச் சிலர் இப்போ தேடித் தேடி ஆவணப்படுத்தறாங்க. நல்ல விஷயம். அவங்க மட்டும் எத்தனை ஊருக்குப் போவாங்க?

இதுக்குப் பெரிய நிறுவனம் எல்லாம் வேணாம். ஹெர்பர்ட் ஹாஃப்மன்னு ஹாம்பர்க்ல ஒரு டாட்டூக்காரர் இருந்தார், 2010ல 90 வயசுல இறந்தார். அவர் பாட்டுக்குத் தனக்குத் தெரிஞ்ச, டாட்டூ குத்தின வயசானவங்களை எல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டே இருந்தார். கோட்டு சூட்டுப் போட்ட தாத்தா, முந்தானை கட்டின பாட்டின்னு சாதாரண ஜனங்க. 1878லிருந்து 1952 வரைக்கும் பிறந்தவங்க அதுல இருக்காங்க. பிற்பாடு அது புத்தகமா வந்தது. ஒரு கேமரா, கொஞ்சம் மரியாதை, அவ்வளவுதான் செலவு. நம்ம எல்லார் கையிலயும் கேமரா இருக்கு. பச்சை குத்தின கைகள்தான் வேகமாக் குறைஞ்சுக்கிட்டு வருது.

அதனால பதிவர் நண்பர்களைத் தொடர்பதிவுக்குக் கூப்பிடறேன். உங்க அப்பத்தா, ஆச்சி, அம்மாயி, பாட்டி யார் கையிலயாவது பச்சை இருந்தா, அவங்களைக் கேட்டு, அவங்க சம்மதிச்சா, கையை மட்டும் பகல் வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுங்க. கூடவே அஞ்சு கேள்வி: எத்தனை வயசுல குத்தினது? எங்கே வச்சு? கூலி என்ன? அந்தக் கோலத்துக்கு அவங்க சொல்ற பேரு என்ன? குத்தினவங்க பேரு என்ன? கடைசிக் கேள்விக்கு நூத்துல தொண்ணூறு பேர் தெரியாதுன்னுதான் சொல்வாங்கன்னு நினைக்கிறேன். பரவாயில்லை, கேளுங்க. ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்தா அந்தப் பேரைத் தலைப்பாவே போட்டு எழுதுங்க.

பி.கு. 1: குத்திக்கிட்டா இங்க 4 மாசம் ரத்தம் கொடுக்க முடியாது. ரெகுலரா ரத்த தானம் பண்றவங்க அதுக்கு ஏத்த மாதிரி தேதி பார்த்துக்கங்க.

பி.கு. 2: "எப்போ அழிக்கப் போற?"ன்னு கேக்கப் போற மாமாக்களுக்கு: லேசர்ல அழிக்கக் குத்தினதை விட அதிகமா செலவாகுமாம். லோன் இன்னும் கட்டி முடியலை மாமா :-)